நான்கு பருவமும் ஒரு நெல்லிக்கனியும்

ஏரியூர்ப் பையன் எம்.ஏ. வரலாறு சேர்ந்துவிட்டான். தகுதி: ஒரு பட்டம்; பொறுமை தனி. இரண்டு ஆண்டு, நான்கு பருவம். பிரெஞ்சுப் புரட்சி, மெய்ஜி ஜப்பான், கடைசியில் ஓர் ஆய்வேடு (ஜெராக்ஸ் கடைக்காரர் நல்ல ஆய்வாளர்). தகடூர் அதியமானுக்கு இரண்டு மதிப்பெண் ஒதுக்கியிருப்பார்கள், குறுநில மன்னர்தானே. ஆநிரை மீட்டுச் செத்தவர்களின் நடுகற்கள் தர்மபுரி மாவட்டமெங்கும் நிற்கின்றன. அவற்றிலுள்ள வட்டெழுத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாமல் முதல் வகுப்பில் தேறலாம்.

மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்த பி.எட்.டும் வேண்டும், பிறகு ஆசிரியர் தேர்வு வாரியம் மனமிரங்க வேண்டும். அதுவரை, பத்தாம் வகுப்பே போதுமென்கிற குரூப் 4-க்குப் படிக்கிறான். வழிகாட்டிப் புத்தகத்தில் மறுபடி அதியமான்: ஔவைக்குக் கொடுத்த கனி எது? நான்கு விடைகளில் மாம்பழமும் உண்டு.