மாரடைப்பு ஆராய்ச்சியைத் தோற்கடிக்கச் சில வழிகள்

முதலில் எதிரணியைத் தெரிந்துகொள்ளுங்கள். கோவை மெடிக்கல் சென்டரின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் டாக்டர் அஜித் முல்லாசாரி, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர் பிரம்மாஜி நல்லமோத்து என்று பலமான கூட்டணி. மாரடைப்பு வந்தவர்களுக்குச் சீக்கிரம் சிகிச்சை தர ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதைக் கோவைக்கும் ஈரோட்டுக்கும் நடுவே வெள்ளோட்டம் பார்த்துவிட்டு, தமிழ்நாட்டில் நான்கு வட்டாரங்களுக்கு விரித்தார்கள். ஏற்பாடு மாட்டுவண்டிச் சக்கரம் மாதிரி: குடத்தில் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரி, ஆரக்கால்களின் முனையில் சின்ன ஆஸ்பத்திரிகள் 35. நடுவே ஓட ஆம்புலன்ஸ், செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம். சின்ன ஆஸ்பத்திரியிலேயே ஈசிஜி எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, 3 முதல் 24 மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோகிராம்.

இவர்கள் எல்லாவற்றையும் நிமிடக் கணக்கில் எழுதுகிறவர்கள். வாசலில் நுழைந்தது எப்போது, ஊசி போட்டது எப்போது என்று கட்டம் கட்டமாக நிரப்புவார்கள். ஆனால் முதல் கட்டம், வலி தொடங்கியதிலிருந்து வாசல்வரைக்கும் ஆன நேரம், முழுக்க உங்கள் கையில். அங்கேதான் ஜெயிக்க வேண்டும்.

ராத்திரி பதினோரு மணி. நெஞ்சு நடுவில் அழுத்துகிறது, இடது தோளும் தாடையும் கடுக்கின்றன, பனியன் வேர்வையில் ஒட்டிக்கொள்கிறது. உடனே "வாயுங்க" என்று சொல்லிவிடுங்கள். அம்மணி சுக்கைத் தட்டிப் போட்டுக் கசாயம் வைக்கட்டும். ஏப்பம் வந்தால் தீர்ந்தது என்று அர்த்தம். வராவிட்டால் ஒரு சோடா. சர்க்கரை நோய் இருந்தால் உங்களுக்குக் கூடுதல் வசதி: வலியே இல்லாமல் வேர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வரலாம், வெயில் மேல் பழி போட்டுவிடலாம்.

இந்த நேரத்தில் அடைபட்ட குழாய்க்குப் பின்னால் இருக்கிற இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும். போன தசை திரும்பி வராது. ஊசியின் பலன் முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். 12 மணி நேரம் தாண்டினால் அந்த ஊசிக்குப் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். ஆகவே விடியட்டும் என்று படுத்துக்கொள்வதே சிறந்த உத்தி. "இந்நேரத்துல டாக்டரைத் தொந்தரவு பண்ணக்கூடாதுங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் கொங்கு மரியாதையும் காப்பாற்றப்படும்.

108-ஐ மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். சைரன் சத்தத்தில் தெருவே எழுந்து விசாரிக்கும். அப்புறம் சம்பந்தி வீட்டுக்குத் தெரியும். திருப்பூரிலிருந்து மாப்பிள்ளை கார் எடுத்து வரட்டும். வரும் வழியில் டீசல் போடட்டும்.

கார் வந்தபின்பும் ஒரு வாய்ப்பு உண்டு. பக்கத்திலேயே ஈசிஜி எடுத்து ஊசி போடுகிற ஆஸ்பத்திரி இருக்கும். "அங்கெல்லாம் என்னங்க பாக்கறாங்க, நேரா கோயமுத்தூரே போயிரலாம்" என்று தாண்டிப் போங்கள். ஈரோட்டிலிருந்து கோவைக்குச் சுமார் நூறு கிலோமீட்டர். பெருந்துறை, அவிநாசி என்று ஒவ்வொரு ஊராகக் கடக்கலாம். இதைத் தடுக்கத்தான் அந்த ஆரக்கால்களையே போட்டார்கள் என்பதால், உங்கள் வெற்றி இங்கே முழுமையானது.

இத்தனைக்கும் எதிரணி சும்மா இருக்கவில்லை. 2017-இல் ஜாமா கார்டியாலஜி இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். 2,420 நோயாளிகள். ஆஞ்சியோகிராம் எடுத்துக்கொண்டவர்கள் நூற்றுக்கு 35 பேர் என்றிருந்தது சுமார் 61 ஆனது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் பங்கு 17.6 சதவீதத்திலிருந்து 14.2-க்கு இறங்கியது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை; இருக்கிற ஆஸ்பத்திரிகளை ஒன்றோடொன்று பேச வைத்தார்கள், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் நம் நாட்டில் அதுதான் பெரிய கண்டுபிடிப்பு.

யாரோ பக்கத்து வீட்டுக்காரர் அவசரப்பட்டு 108-க்குப் போன் போட்டு, ஊசியும் ஏறிவிட்டது என்றாலும் தளர வேண்டாம். ஊசிக்குப் பிறகு பலருக்கு வலி அடங்கிவிடும். எழுந்து உட்கார்ந்து, "இப்ப நல்லாருக்குதுங்க, நாளைக்கு மஞ்சள் ஏலம் இருக்குது" என்று சொல்லி வேட்டியைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஆஞ்சியோகிராம் வேண்டாம், சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதித் தரச் சொல்வார்கள். காகிதம் அவர்களே தருவார்கள், பேனாவும் இருக்கும்.