கரண்டிக்குக் குளிருமாம்

ஹட்டன் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில் பெயர் தெரியாத பொருளுக்கு இரண்டு விலை உண்டு. "இது என்ன?" என்று கேட்பவருக்கு ஒன்று, கேட்காதவருக்கு ஒன்று. நான் வாங்கிய பொருளின் பெயர் முதலாளிக்கும் தெரியாது என்பதால் கொஞ்சம் நியாயமாகவே முடிந்தது.

சங்கு வடிவம். வாய் அகலமாகத் திறந்து, கற்பாறை போல வார்த்த பீடத்தில் சாய்ந்து கிடந்தது. "இங்கிலாந்து வெள்ளி, தம்பி" என்று முதலாளி அடியில் இருந்த முத்திரையைக் காட்டினார். ஈ.பி.என்.எஸ். அதாவது நிக்கல் வெள்ளிமேல் மின்முலாம். நிக்கல் வெள்ளியோ செம்பும் நாகமும் நிக்கலும் சேர்ந்த கலவை; வெள்ளி மேலே பூசிய பூச்சில்தான். பர்மிங்காம் எல்கிங்டன்காரர்கள் 1840இல் இந்த வித்தைக்குக் காப்புரிமை வாங்கியதிலிருந்து, சம்பளம் போதாத சின்னத் துரைமார் மேசையும் பளபளக்கத் தொடங்கியது.

வீட்டில் வைத்ததும் லயமே பெரட்டுக்கு வந்ததுபோல் கூடிவிட்டது. மாமா பார்த்த பார்வையிலேயே படிக்கம் என்றார். வெற்றிலை போடுகிறவருக்கு உலகமே படிக்கம். பக்கத்துக் காம்பரா அக்கா, பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கு என்றார். "இதுல குடிச்ச பிள்ளை எவ்வளவு பெரிசா இருந்திருக்கும்!" என்று அவரே பயந்தும் போனார். கோயில் பூசாரி ஒரு படி மேலே போய் ஊதிப் பார்த்தார். சத்தம் வரவில்லை, கரப்பான் வந்தது.

கடைசியில் பங்களாவில் அப்புவாக இருந்து ஓய்ந்த பெரியவர் வந்தார். தொடக்கூட இல்லை. "இதுக்குள்ள சுடுதண்ணி ஊத்தி கரண்டிய முக்கி வைப்போம். கரண்டி சூடாத்தான் இருக்கணும், இல்லாட்டி துரைசாணி முகம் மாறும்" என்றார்.

தேடிப் பார்த்தேன், அதேதான். விக்டோரியா ராணி காலத்துக் கரண்டி சூடாக்கி. சமையலறை ஒரு மூலை, சாப்பாட்டு மேசை இன்னொரு மூலை. இறைச்சிக் குழம்பு வருவதற்குள் ஆறும். அதில் குளிர்ந்த கரண்டியை விட்டால் கொழுப்பு உறைந்து ஒட்டிக்கொள்ளும். காரணம் நியாயமானதுதான். 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில், தை மாதப் பனியில், வெள்ளைக்காரர் எதைத்தான் சூடாக்கவில்லை? 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் தங்குகிறவர்களின் மெத்தைக்குள்ளேயே சுடுதண்ணிப் போத்தல் வைப்பார்கள்.

1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டபோது, மிச்சமிருந்த துரைமாரில் பலர் ஊருக்குப் போனார்கள். கரண்டி சூடாக்கிகளுக்கு அங்கேயே மவுசு போயிருந்ததால், கொண்டுபோக நினைக்காமல் விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். கட்டில், கடிகாரம் எல்லாம் நல்ல விலைக்குப் போக, இது மட்டும் கடை மூலையில் கரப்பானுக்குக் குடிக்கூலியில்லா வீடாகக் கிடந்திருக்கிறது.

அப்பு சொன்னதையெல்லாம் இஸ்தோப்பில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கேட்டிருந்த அப்பாயி, கொழுந்தெடுத்த காலத்தில் மழைக்கும் பனிக்கும் கம்பளியைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மலையேறியவர். அந்தக் கம்பளிக்கான காசைச் சம்பளத்தில் பிடித்த கணக்கு அவருக்கு இன்னும் மனப்பாடம்.

"ஏன்டா, கரண்டிக்கும் பிடிச்சாங்களாமா?" என்றார்.