பெயர் பார்த்து வரவு வைத்த காலம்

எண்பதுகளில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த கிளை தென்காசிப் பக்கம். சேமிப்புக் கணக்கு லெட்ஜர் ஒவ்வொன்றும் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். ஒரே லெட்ஜரில் நாலைந்து மாரியம்மாள் இருப்பார்கள். சுடலைமுத்து அதற்கும் மேல். சலானை வாங்கியதும் எண்ணுக்குரிய பக்கத்தைப் புரட்டுவோம். அடுத்தது பெயர். பெயர் ஒத்துப்போனாலும், தகப்பனார் பெயரோ வீட்டுக்காரர் பெயரோ பார்க்காமல் பேனா இறங்காது. எண் ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது என்றால் சலான் வந்த வழியே கவுன்டருக்குத் திரும்பிவிடும்.

அப்படியும் தவறு நடந்தது. ஒரு மாரியம்மாளின் பணம் இன்னொரு மாரியம்மாளின் பக்கத்தில் ஏறிவிடும். கணக்கில் ஐந்து பைசா இடித்தால் இரவு எட்டு மணி வரை உட்கார்ந்து தேடுவோம். ஆனால் பணம் ஆள் மாறிப் போனதை எந்தக் கூட்டலும் காட்டிக்கொடுக்காது. மொத்தம் சரியாகவே நிற்கும். மறுநாள் காலை அதிகாரி ஒவ்வொரு வவுச்சரையும் லெட்ஜரோடு வைத்துச் சரிபார்க்கும்போதுதான் அது பிடிபடும். உடனே ஒரு மாற்றுப் பதிவு, பக்கத்தில் அவரது சுருக்கொப்பம். அதற்குள் அந்த அம்மாள் பணத்தை எடுத்திருந்தால் பியூன் சைக்கிளில் போய் அவரை அழைத்து வருவார். மேனேஜர் நாற்காலியில் உட்காரவைத்து, "தாயி, எங்க ஆளு தப்பா வரவு வச்சுட்டாரு" என்று பதமாகச் சொல்வார். பெரும்பாலும் இரண்டொரு நாளில் பணத்தைக் கொண்டுவந்து கட்டிவிடுவார்கள்.

அது வங்கி செய்த பிழை, வங்கியே திருத்திக்கொள்ளலாம். பணம் அனுப்புபவரே எண்ணை மாற்றிப் போட்டுவிட்டால் கதை வேறு. இந்த வித்தியாசம் பணம் தொலைந்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

எங்கள் தெருவில் தையல் யூனிட் நடத்தும் ஒரு பெண்மணிக்கு 2021-ல் அது நடந்தது. ஈரோட்டு ஜவுளி வியாபாரிக்கு 18,000 ரூபாய் முன்பணம். வியாபாரியின் கடைப்பையன் ஃபோனில் சொன்ன எண்ணை அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அதில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. செயலி எண்ணை இரண்டு முறை கேட்டது. இரண்டு முறையும் நோட்டில் இருந்ததையே அடித்தார். துரதிர்ஷ்டம், அந்த எண்ணிலும் ஒரு கணக்கு இருந்தது. நெஃப்ட்டில் போன பணம் அரைமணி நேரத்தில் அங்கே வரவாகிவிட்டது.

"அண்ணாச்சி, பேரு சரியாத்தானே போட்டேன்? பேரப் பாக்காமயா வரவு வச்சாங்க?" என்று கேட்டார்.

ஆம், பார்க்கவில்லை. 2010 அக்டோபர் 14-ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மின்னணு முறையில் வரும் பணத்தைக் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம். சரியான விவரம் தருவது அனுப்புபவர் பொறுப்பு. அதைத் திரையில் எச்சரிக்கையாகக் காட்ட வேண்டும். காரணம் இல்லாமல் இல்லை. முத்துலட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பாஸ்புக்கில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், அனுப்புபவர் கையில் வேறொரு விதம். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்த்தால் பாதிப் பணம் திரும்பிப் போயிருக்கும். வேகம் வேண்டும் என்று நாங்களும்தான் விரும்பினோம். ஆனால் அந்தப் பெயர்க் கட்டத்தை நிரப்பச் சொல்லிவிட்டு அதைப் பார்க்காமல் விட்டது ஜனங்களுக்குச் செய்த அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். கட்டம் இருந்தால், அதை யாரோ படிக்கிறார்கள் என்றுதானே எவரும் நம்புவார்கள்?

கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடாதீர்கள் என்றுதான் அவரிடம் முதலில் சொன்னேன். பதற்றத்தில் தேடுபவர்களுக்காகவே போலி எண்கள் அங்கே காத்திருக்கின்றன. சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கும் அடிக்க வேண்டாம் என்றேன். மோசடி என்று புகார் பதிவானால், ஒரு பாவமும் அறியாத எதிர்த்தரப்புக் கணக்கு முடங்கிவிடும். அவருடைய கிளைக்கே கூட்டிப்போய் மனு எழுதிக்கொடுத்தோம்: தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனைக்குரிய யூடிஆர் எண், போக வேண்டிய கணக்கு, போன கணக்கு. நகலில் முத்திரை கேட்டபோது கவுன்டரில் இருந்த இளைஞர் தயங்கினார். முத்திரை வாங்கும்வரை நாங்கள் நகரவில்லை.

மற்றதெல்லாம் அந்தப் பக்கத்து வங்கியின் கையில். அவர்கள் தங்கள் வாடிக்கையாளரிடம் பேசி, அவர் சம்மதித்தால்தான் பணத்தை எடுக்க முடியும். அவர் யார், எந்த ஊர் என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள். "என் பணத்தை எடுக்க அவன்கிட்ட ஏன் கேக்கணும்?" என்று அந்தப் பெண்மணி அழுதார். அந்த வேதனை புரிகிறது. ஆனாலும் இந்த விதியை நான் ஆதரிக்கிறேன். யாரோ எழுதிக்கொடுத்த மனுவை நம்பி வங்கி நம் கணக்கில் கைவைக்கலாம் என்றால், யாருடைய சேமிப்புக்கும் பாதுகாப்பு இருக்காது.

மறுப்பவரை மடக்கச் சட்டம் இருக்கிறது. தவறுதலாக வந்த பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு. வங்கி மனுவைக் கிடப்பில் போட்டு 30 நாளாகியும் பதில் தராவிட்டால், ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில் ரிசர்வ் வங்கிக்குக் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

இந்த விஷயத்தில் அது தேவைப்படவில்லை. பணம் போய்ச் சேர்ந்தது வேறு மாவட்டத்தில் ஒரு முதியவரின் பென்ஷன் கணக்குக்கு. கணக்கோடு இணைத்திருந்த செல்பேசி எண் எப்போதோ செத்துப்போனது. அந்தக் கிளை மேனேஜர் ஊர் ஊராகப் போய்ப் பணம் பட்டுவாடா செய்யும் வங்கி முகவரை அனுப்பி, விஷயத்தை விளக்கி, கைநாட்டு வாங்கி வரச் செய்தார். முதியவர் அந்தப் பணத்தைத் தொடவே இல்லை. ஆடியில் போனது புரட்டாசியில் திரும்பியது. மேனேஜரும் முதியவரும் யாரென்று எங்களுக்குத் தெரியாது. கைநாட்டு விவரமே அந்தப் பெண்மணியின் கிளையில் வாய்மொழியாகச் சொன்னதுதான்.

2024 டிசம்பர் 30-ல் ரிசர்வ் வங்கியின் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. நெஃப்ட்டிலும் ஆர்டிஜிஎஸ்ஸிலும் பணம் அனுப்பும் முன், எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் அடித்தால் வங்கிப் பதிவேட்டில் உள்ள பெயரைக் காட்ட வேண்டும், 2025 ஏப்ரல் 1-க்குள் எல்லா வங்கிகளும் இதைக் கொண்டுவர வேண்டும், கட்டணம் கூடாது. யுபிஐயில் இந்த வசதி முன்பே இருந்தது. கவுன்டரில் பணம் அனுப்புபவர்களும் இதைக் கேட்டுப் பெறலாம். லெட்ஜர் பக்கத்தில் நாங்கள் பார்த்த அதே பெயர், இப்போது அனுப்புபவரின் கண்ணுக்கே தெரிகிறது. எங்கள் வேலையைவிட இது மேல். தவறு நடப்பதற்கு முன்பே தடுக்கிறது.

தையல் யூனிட்காரர் போன மாதம் ஒரு புது வியாபாரிக்குப் பணம் அனுப்ப உட்கார்ந்தார். திரையில் வந்தது ஒரு பெண் பெயர். அனுப்பாமல் வியாபாரிக்கு ஃபோன் போட்டார். "அது என் சம்சாரம் பேருலதாம்மா இருக்கு" என்றாராம் அவர். அதற்குப் பிறகும் முதலில் ஒரு ரூபாய் போட்டு, வந்தது என்று அவர் சொன்ன பிறகே மிச்சத்தை அனுப்பினார்.