ஔலி சார்

எங்கள் ஊருக்குப் புதிதாக வரும் தமிழ்நாட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பெரியார் இங்க எப்ப வந்தாரு?" என்பது. பெரியார் வந்தது வைக்கத்துக்கு, 1924-இல். அது கோட்டயத்துக்கும் அந்தப் பக்கம். எங்கள் ஊரான வண்டிப்பெரியாருக்குப் பேர் கொடுத்தது ஆறு. மலையாளத்தில் ஆறு 'ஆர்' ஆகிவிட்டது, அவ்வளவுதான். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஔலி சார் மட்டும் இந்தத் தொந்தரவைக் கொடுப்பதில்லை. அவர் எதையுமே கேட்கமாட்டார். சொல்ல மட்டும்தான் செய்வார்.

ஔலி சார் ஒருவரல்ல. என் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றால் சீசனுக்கு ஏழெட்டுப் பேர் கண்ணில் படுவார்கள். வயது முப்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே. ஊர் சென்னை அல்லது பெங்களூரு, எப்போதாவது கோயம்புத்தூர். இரண்டு கையிலும் மடக்குக் குச்சி. முதுகுப் பையிலிருந்து தண்ணீர்க் குழாய் ஒன்று வாய் வரைக்கும் வரும். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்துவிட்ட மாதிரி இருப்பார். மேலுக்கு மூன்று சட்டை. உள்சட்டை வியர்வையை வெளியேற்ற, நடுச்சட்டை சூட்டைக் காப்பாற்ற, மேல்சட்டை காற்றைத் தடுக்க. மற்ற இரண்டையும் கழற்றிவிட்டால் முதல் சட்டைக்கு வேலையே இருக்காது என்று அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வருவதில்லை.

பேர் வந்த கதை இது. உத்தராகண்டில் ஜோஷிமட்டுக்கு மேலே ஔலி என்று ஓர் இடம். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு நடக்கும். அங்கே அரசாங்கச் சுற்றுலா நிறுவனமே ஏழு நாள், பதினாலு நாள் என்று பயிற்சி நடத்துகிறது. நம்மவர் எப்போதோ ஒரு ஜனவரியில் ஏழு நாள் பயிற்சிக்குப் போனவர். அந்த ஏழு நாளை வைத்துக்கொண்டு மிச்ச ஆயுளை ஓட்டுகிறார். பருந்தும்பாறையில் மூடுபனி இறங்கினால், "ஔலியில பாத்தீங்கன்னா..." டீ ஆறிப்போனால், "ஔலியில பாத்தீங்கன்னா..." தமிழில் ஆலி என்றால் மழைத்துளி, ஆலங்கட்டி. அதனால் எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் அவர் மழையைப் பற்றிப் பேசுகிறார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊர் வாக்கில் அவர் ஆலி சார்.

போன அக்டோபரில் வந்தவர் என் மைத்துனனுடைய கம்பெனி மேனேஜர். "மாமா, கூடவே இருந்து பாத்துக்குங்க" என்று மைத்துனன் சொல்லிவிட்டான். தட்ட முடியவில்லை. கவிக்கு ஜீப் பேசினேன். கவி இங்கிருந்து வள்ளக்கடவு செக்போஸ்ட் தாண்டி, புலிகள் காப்பகத்துக்குள்ளே இருக்கிறது. 2012-இல் 'ஆர்டினரி' என்ற மலையாளப் படம் வந்ததிலிருந்து அங்கே கூட்டம்.

கவியில் எங்களோடு வந்த வழிகாட்டிக்கு வயது அறுபதை ஒட்டி. 1964-இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து, வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலத்தோட்டத்தில் குடியேறிய குடும்பம். எட்டு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். நான் அவரை மாமா என்பேன். நம் சார் இறங்கியதும் கை நீட்டி, "ஹாய் ப்ரோ!" என்றார். மாமா திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் ஜீப்தான் நின்றது.

நடக்க ஆரம்பித்தோம். சார் கடிகாரத்தைப் பார்த்து, "ப்ரோ, நாம இப்ப ஆயிரத்து முப்பத்தாறு மீட்டர்ல இருக்கோம்" என்றார்.

"நேத்தும் அவ்வளவுதான் சார் இருந்துச்சு" என்றார் மாமா.

பிறகு வகுப்பு தொடங்கியது. ஆள் அரவமில்லாத பனிமலையில், ரோப்கார் இல்லாமல், வழிகாட்டியோடு போவதுதான் அசல் சறுக்காம். சறுக்கு மட்டைக்கு அடியில் ஒரு பட்டையை ஒட்டிக்கொள்ள வேண்டும். அதில் உள்ள மயிர் ஒரே பக்கமாகப் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. அப்படியே நாலு மணி நேரம் ஏறி, உச்சியில் பட்டையை உரித்துப் பையில் போட்டுக்கொண்டு, பத்து நிமிடத்தில் கீழே. குல்மார்க்கில் ரோப்காரே அபர்வத் மலையில் ஏறக்குறைய நாலாயிரம் மீட்டருக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து வெள்ளைக்காரர்கள் காட்டுப் பக்கம் சறுக்குவார்கள். "பவுடர் இடுப்பளவு கெடக்கும் ப்ரோ!"

"எங்க ஃபேக்டரியிலயும் கெடக்கும்" என்றான் ஜீப் டிரைவர். அவன் அம்மா தேயிலை ஃபேக்டரியில் சலிக்கிற பகுதியில் இருந்தவர்.

இதையெல்லாம் சார் அங்கே செய்தாரா என்று நான் மெதுவாகக் கிண்டினேன். குல்மார்க் போனதில்லை. ஔலியில் ஏழு நாளில் ஐந்து நாள் விழுந்தது, ஒரு நாள் படுத்தது. சான்றிதழ் போனில் இருக்கிறது, பார்க்கிறீர்களா?

அடுத்தது அவலாஞ்சி. "ஊட்டிக்குப் பக்கத்துல இருக்கே, அதுங்களா?" என்றான் டிரைவர். அந்த ஊருக்கே அந்தப் பேர் வந்தது ஒரு பழைய மலைச்சரிவால்தான், அவன் கேட்டதில் தப்பில்லை. சார் பொறுமையாக விளக்கினார். பனி சரிந்து ஆளை மூடிவிட்டால் தேட ஒரு கருவி உண்டு. நெஞ்சில் கட்டிக்கொள்ள வேண்டும். சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். மேலே இருப்பவன் கருவியில் அது கேட்கும். நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, மண்வெட்டியால் தோண்டி எடுத்துவிடலாம். கால் மணி நேரம்தான் கெடு.

மாமா நின்றுவிட்டார். "அது என்ன வெல சார் ஒண்ணு?"

சார் சொன்ன தொகை இங்கே தோட்டத்தில் சில மாதச் சம்பளம்.

"எங்க பக்கம் மலை சரிஞ்சா அதுக்குப் பேரு உருள்பொட்டல். பெட்டிமுடியில 2020 ஆகஸ்ட் ஆறாந்தேதி ராத்திரி, லயத்துல தூங்கிட்டிருந்த எழுபது பேரு. பெரும்பாலும் தோட்டத்துத் தமிழாளுங்க. சில பேரு கெடைக்கவே இல்ல."

சார் குழாயை வாயிலிருந்து எடுத்தார். அந்த நாளில் அவர் மௌனமாக நடந்த பத்து நிமிடம் அதுதான். அதற்காகவே அவரைப் பற்றி மோசமாக எழுதக் கை வரவில்லை.

மௌனத்தைக் கலைத்தது அட்டை. ஆறாயிரம் ரூபாய் பூட்ஸுக்குள் எப்படிப் போயிற்று என்று அவர் துடித்துக்கொண்டிருக்க, மாமா இடுப்புத் துணியிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்தார். காரியம் முடிந்தது. "இது ஆர்கானிக்கா ப்ரோ?" என்றார் சார். தெளிந்துவிட்டார் என்று புரிந்தது.

திரும்பும் வழியில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி ஒரு வீடியோ. பின்னால் காடு, கையில் குச்சி. "ஃபிரண்ட்ஸ், மனுஷக் காலடியே படாத ஒரு வனாந்தரத்துல..." என்று ஆரம்பிக்கும்போது வளைவில் ஹாரன். பத்தனம்திட்டாவிலிருந்து காக்கி அணை, கவி வழியாகக் குமுளி போகிற ஆனவண்டி, கேரள அரசாங்க பஸ், அசைந்து அசைந்து வந்தது. ஜன்னலுக்கு ஒரு தலை. கடைசி சீட்டில் ஒரு பாட்டி, மடியில் கோழி. டிரைவர் ஜீப்பைப் பின்னால் எடுத்து வழிவிட்டான். பாட்டி சாரைப் பார்த்துக் கையாட்டினார். வீடியோவில் அது மிக அழகாக வந்திருக்கிறது.

அவருக்கு நான் இன்னொன்றும் சொல்ல நினைத்து விட்டுவிட்டேன். வழிகாட்டியோடு மலைக்குப் போவதை நமக்கு யாரும் ஔலியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. மண்டல காலத்தில் இங்கே சத்திரம் என்கிற இடத்தில் நின்று பாருங்கள். தலையில் இருமுடி, காலில் செருப்பில்லை, முன்னால் எழுபது வயசுக் குருசாமி. புல்லுமேடு வழியாகச் சபரிமலைச் சன்னிதானம் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். குருசாமி உயரம் பார்ப்பதில்லை. எத்தனை பேர் வந்தோம், எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே போவார்.

வள்ளக்கடவு தாண்டி லயத்துப் பக்கம் வந்தபோது சாயந்திரம். புல்சரிவில் பிள்ளைகள் பாக்கு மட்டையில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் உட்கார, இன்னொருத்தன் தள்ள, மழை நனைத்த புல்லில் மட்டை பறக்கும். சார் கண்ணில் ஔலி தெரிந்தது. "தம்பி, ரெண்டு குடு." உட்காரவில்லை, நின்றார். ஒரு காலுக்கு ஒரு மட்டை. முழங்காலை மடக்கி, இரு குச்சியையும் ஊன்றி, வேகத்தைக் குறைக்க முன்பக்கத்தை முக்கோணமாகச் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு அங்கே பேர் பீட்சா.

புறப்பட்டதும், "பீட்சா! பீட்சா!" என்று தமக்குத்தாமே கத்திக்கொண்டே இறங்கினார். அவ்வளவுதான், அத்தனை பிள்ளைகளும் "எங்க சார்? எங்க சார்?" என்று கூடவே ஓடின. மட்டைகள் முக்கோணத்தில் சேரவில்லை, தனித்தனியே போய்விட்டன. சார் மூன்றாவதாக ஒரு திசையில் போய்த் தேயிலைச் செடியில் தங்கினார். கொழுந்துச் சாக்கை இறக்கிவைத்துக்கொண்டிருந்த அக்காமார் மூன்று பேர்தான் தூக்கினார்கள். அதே சரிவில் அவர்கள் மூட்டையோடு ஏறி வந்திருந்தார்கள். குச்சி இல்லாமல்.

மறுநாள் குமுளிக்கு ஆள் விட்டு அத்தனை பிள்ளைகளுக்கும் பீட்சா வாங்கிக் கொடுத்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு டப்பா.

நீங்களும் கவிக்கு வருவதானால் பஸ்ஸிலேயே வாருங்கள், ஜன்னலோர சீட்டாகப் பிடியுங்கள். குச்சி வேண்டாம். ஒரு பொட்டலம் உப்பு மட்டும் மறக்காதீர்கள்.