பட்டணத்துக்கும் ஒரு மைக்

தோவாளை தாலுகா ஆபீஸ் இருப்பது பூதப்பாண்டியில். அரசாங்கத்தின் நகைச்சுவை உணர்வுக்கு இது ஒன்றே போதும். ஆனாலும் தோவாளைக்காரர்களுக்குக் குறை சொல்ல ஓரிடம் உண்டு: கிராம சபை. விடியுமுன் தோவாளைப் பூச்சந்தையில் பிச்சிப்பூ விலையைத் தீர்த்துவிட்டு, ஆண்டுக்கு 6 நாள், ஓடை ஏன் அடைத்துக் கிடக்கிறது என்று ஊராட்சியைக் கேட்கலாம்.

பக்கத்து நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது. பதவி உயர்ந்தது, பேசத்தான் அப்போது இடமில்லை.

பெரிய நகரங்களுக்கு வார்டு குழு வேண்டும் என்ற அரசியல் சட்டத் திருத்தம் 1993-லேயே நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அதற்கும், வார்டுக்குள் தெருக்காரர்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக்கும் விதி வகுத்தது 2022-இல். ஓணத்துக்குக் கேரளம் போகும் பூமூட்டை 29 ஆண்டு காத்திருந்தால் என்ன ஆகும்? அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த ஏரியா சபையில் முதலமைச்சரே வந்து உட்கார, நகரத்தவர் கையிலும் மைக் வந்தது.

பலன் இல்லாமல் இல்லை. கார் நிறுத்தும் இடத்துக்காக வருஷக்கணக்கில் முகம் பார்க்காத எதிர்வீட்டுக்காரர்கள், ஒரே சாக்கடைக்காக ஒரே குரலில் கத்தும்போது பழைய பகை கொஞ்சம் ஆறத்தான் செய்யும். பொது எதிரியாகக் கவுன்சிலர் கிடைத்துவிட்டாரே!

ஒரு சின்ன விஷயம். வார்டு குழு உறுப்பினரைத் தெருக்காரர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாமன்றம் நியமிக்கிறது. ஆகவே அடுத்த ஏரியா சபைக் கூட்டம் எப்போது என்று நீங்களே விசாரித்து வையுங்கள். போனால், தீர்மானத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.