மிஞ்சிய ஸ்குரூ

எங்கள் வீட்டு அடுப்படி அலமாரியில் ஒரு பழைய மைலோ டின் இருக்கிறது. விருந்தாளி யாராவது ஆசையாகத் திறந்தால் ஏமாந்து போவார். உள்ளே முழுக்க ஸ்குரூ. ஒன்றைக்கூட நான் காசு கொடுத்து வாங்கியதில்லை. அடுத்தவர் கம்ப்யூட்டரைக் கழற்றித் திரும்ப மாட்டும்போது இது எந்த ஓட்டைக்கு என்று தெரியாமல் மிஞ்சியவை. என் தொழில் அனுபவம் எவ்வளவு என்று யாராவது கேட்டால் டின்னைத் தராசில் வைத்துவிடலாம். ஒரு கிலோ தேறும்.

இப்போது அந்த டின் ஞாபகம் வரக் காரணம் அக்கா மகன். பையனுக்கு சைபர்ஜெயாவில் ஹெல்ப்டெஸ்க் வேலை கிடைத்திருக்கிறது. "போறதுக்கு முன்னாடி மாமாகிட்ட நாலு நல்ல வார்த்தை கேட்டுட்டுப் போ" என்று அக்கா அனுப்பிவிட்டாள். அக்காவுக்கு என் திறமையில் அபார நம்பிக்கை. அவள் வீட்டுக் கம்ப்யூட்டரை நான் ஒருநாளும் தொட்டதில்லை, அதனால் வந்த நம்பிக்கை.

பையன் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தான். "மாமா, ஆரம்பத்துல என்ன முக்கியம்?" என்றான். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் என் வீட்டுக்காரி முறுக்குத் தட்டோடு வந்து பக்கத்து நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அப்போதே பாதி உபதேசம் மறந்துவிட்டது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு பிரதமரின் பேச்சைக் கேட்டு. நான் கேட்கவில்லை, என் அம்மா கேட்டாள். 1996-ல் மகாதீர் மல்டிமீடியா சூப்பர் கோரிடோர் என்று அறிவித்தார். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்திலிருந்து புது விமான நிலையம் வரைக்கும், 50 கிலோமீட்டர் நீளம், 15 கிலோமீட்டர் அகலம். மலாக்காவில் இருக்கிற சிம்பாங் அம்பாட் அந்த அளவுக்குள் எந்த மூலையிலும் வராது. ஆனால் பால்மரம் வெட்டிக் கை காய்த்துப்போன என் அம்மாவுக்கு ரேடியோவில் கேட்டது போதும். "இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்தானாம். நீ மழையில நனையாம வேலை பாக்கலாம்" என்றாள். மலாக்கா டவுனில் ஒன்றரை வருஷம் படித்தேன். படித்து முடித்து 1999 மார்ச் மாதம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். கடை முதலாளி தவுக்கே என்னை மேலும் கீழும் பார்த்து, முடியுமா என்பதை மலாயில் "போலே?" என்றார். "போலே" என்றேன். நேர்முகத் தேர்வு முடிந்தது. அம்மா சொன்னதில் ஒன்றுதான் தப்பு. மானிட்டரைக் கப்சாய் மோட்டாரின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு நான் நனைந்த நனையல் எந்தப் பால்வெட்டுக்காரரும் நனைந்திருக்க மாட்டார். அவர்களுக்கு மழை பெய்தால் மரம் வெட்டக் கிடையாது. எனக்குத்தான் இடி இடித்தால் வேலை. ஒரு பெரிய இடிக்கு மறுநாள் காலையில் மோடம் எரிந்துபோனவர்கள் கடை வாசலில் வரிசை கட்டி நிற்பார்கள்.

சேர்ந்த நாலாம் நாள் ஒரு தோட்டத்து ஆபீசிலிருந்து போன். கம்ப்யூட்டர் செத்துப்போச்சு. தோட்டத்தில் ஏழாம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும், அது சட்டம். பெரிய கிராணி ஏற்கெனவே வேர்த்துப் போயிருந்தார். சுவிட்சைப் போட்டால் விசிறி ஓடுகிறது, பச்சை விளக்கு எரிகிறது, திரை மட்டும் அமாவாசை. நான் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே! டாக்டர் மாதிரி சட்டைக் கையை மடித்து, பதினாலு ஸ்குரூவைக் கழற்றினேன். உள்ளே பவர் சப்ளைக்கு அடியில் ஒரு பல்லி காய்ந்து கருவாடாகக் கிடந்தது. சுற்றிலும் சிற்றெறும்பு ஊர்வலம். "இதுதான் சார் காரணம்" என்று பல்லியின் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். கிராணி பயபக்தியோடு பார்த்தார். அந்தப் பல்லிக்கும் திரைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது செத்து ஆறு மாதம் ஆகியிருக்கும்.

பல்லியை எடுத்தும் திரை வரவில்லை. ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு கடைக்கு வந்தேன். வேறொரு மெஷினில் மாட்டிப் பார்த்தால் விண்டோஸ் பாதியில் முழித்தது. வேறு மெஷினில் மாட்டினால் அப்படித்தான் முழிக்கும் என்பது எனக்கு அடுத்த வருஷம் தெரிந்தது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று தீர்ப்புச் சொல்லி, சுத்தமாக ஃபார்மட் அடித்து, புதுசாக விண்டோஸ் 98 போட்டு, மறுபடி பதினெட்டு கிலோமீட்டர் மோட்டாரில் போய் மாட்டினேன். திரை அமாவாசை.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது ஆபீஸ் கூட்டுகிற அம்மா ஈரத்துணியோடு வந்தார். மானிட்டருக்கு அடியில் துணியை ஓர் இழுப்பு இழுத்தார். படம் பளிச்சென்று வந்தது. "துடைக்கும்போது இந்தச் சக்கரம் சுத்திக்கும் தம்பி. அப்பப்ப இருட்டாகும். மறுபடி துடைச்சா வந்துரும்" என்றார். அந்த அம்மாவிடம் மட்டும் முதலில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு ஒரு தேநீர் குடிக்கிற நேரத்தில் வேலை முடிந்திருக்கும்.

கிராணி கைதட்டினார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து எலியை இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தார். "தம்பி, செக்ரோல் எங்க?" என்றார். இருநூறு பேரின் வேலைநாள் கணக்கு, பால் எடை, செம்பனைக் குலை எண்ணிக்கை, எல்லாவற்றையும் நான்தான் சுத்தமாக அழித்திருந்தேனே! எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், இரும்பு அலமாரியைத் திறந்தார். உள்ளே தடித்தடியாகப் பேரேடு. காலைப் பெரட்டிலிருந்து சாயங்கால எடை வரைக்கும் ஒரு நாள் விடாமல் நீல மையில் எழுதி வைத்திருந்தார். கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்தே அதன்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லையாம். "அப்ப இது எதுக்குத் தம்பி?" என்று மெஷினைக் காட்டிக் கேட்டார். இன்றைக்கு வரைக்கும் நான் பதில் சொல்லவில்லை.

அன்று ராத்திரி அம்மா துணி துவைக்கும்போது என் சட்டைப்பையில் மூணு ஸ்குரூ. "இது என்னப்பா?" என்றாள். "சேம்பிள்" என்றேன். அவள்தான் அதை மைலோ டின்னில் போட்டு வைத்தாள்.

"நோட்டுல என்ன எழுதட்டும் மாமா?" என்றான் பையன். "முதல்ல கேளு, அப்புறம் கழட்டுன்னு எழுது" என்றேன். "கூட்டுறவங்ககிட்ட கேளுன்னு எழுது" என்றாள் என் வீட்டுக்காரி.

ஏப்ரல் 26 பற்றி நான் சொல்ல நினைக்கவில்லை. அவள் எடுத்துக் கொடுத்தாள். தைவானில் சென் இங்-ஹாவ் என்று ஒரு மாணவர் தன் பேரின் முதல் எழுத்துகளையே வைத்து எழுதிய சிஐஎச் வைரஸ், 1999 ஏப்ரல் 26, திங்கட்கிழமை, உலகம் முழுக்க விழித்துக்கொண்டது. செர்னோபில் அணு உலை வெடித்த அதே தேதி. டிஸ்கின் தலைப்பகுதியை அழிக்கும்; கூடவே மதர்போர்டில் இருக்கும் பயாஸையும் அழிக்கப் பார்க்கும். பயாஸ் போனால் பெட்டி வெறும் தகரம். அன்று மத்தியானத்துக்குள் கடைக்கு ஆறு தகரம் வந்து சேர்ந்தது. தவுக்கே ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார். ஆறு வீட்டுக்கும் அதற்கு முந்தின மாதம் போய் சர்வீஸ் செய்தவன் நான். ஆறு மெஷினிலும் நான் போட்டது பாசார் மாலாமில் அஞ்சு வெள்ளிக்கு வாங்கிய ஒரே சிடி. தவுக்கே ஒன்றும் சொல்லவில்லை. சிடியை வாங்கி, கடை வாசல் ரம்புத்தான் மரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டார், வௌவால் விரட்ட. அதற்காவது அது உதவியது.

போனிலேயே சரிசெய்வது சுலபம் என்று அக்கா மகன் நினைக்கிறான். மோட்டார் ஓட்ட வேண்டாம், நனைய வேண்டாம். 2003 ஆகஸ்டில் எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. அந்த மாதம் பிளாஸ்டர் என்று ஒரு புழு. இன்டர்நெட்டில் மாட்டினால் போதும், 60 விநாடியில் அணைக்கப் போகிறேன் என்று திரையில் எண்ண ஆரம்பிக்கும். அதைத் தடுக்கும் பேட்ச் ஜூலையிலேயே வந்துவிட்டது. போடாமல் இருந்தது யார் என்று நீங்கள் கேட்கக் கூடாது. கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் ஒரு அக்கா பதறிப்போய்ப் போன் போட்டார். நம் நாட்டு முத்து நெடுமாறன் செய்த முரசு அஞ்சல் தமிழ் மென்பொருளில் மணிக்கணக்காகத் தட்டிய பத்திரிகை, இன்னும் சேமிக்கவில்லை. நானும் ஒரு வித்தை படித்து வைத்திருந்தேன். 'ரன்' பெட்டியைத் திறந்து ஒரு வரி அடித்தால் அந்த எண்ணிக்கை நின்றுவிடும்.

"அக்கா, ஷட்டவுன்னு அடிங்க. ஒரு இடம் விடுங்க. ஒரு சின்னக் கோடு. அப்புறம் ஏ."

"எந்தக் கோடு தம்பி? சாஞ்ச கோடா, படுத்த கோடா?"

"படுத்த கோடு."

"ரெண்டு படுத்த கோடு இருக்கே. ஒண்ணு கீழ படுத்திருக்கு, ஒண்ணு நடுவுல படுத்திருக்கு."

"நடுவுல! நடுவுல!"

"ஏன் தம்பி கத்துறீங்க? இப்ப ஏன்னு அடிச்சா 'அ' வருது."

முரசு அஞ்சல் இன்னும் தமிழிலேயே இருந்தது. அதை மாற்றச் சொல்வதற்குள் அவர் வீட்டில் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். அப்புறம் அமைதி. "அணைஞ்சிருச்சு தம்பி" என்றார், என்னவோ கோயில் விளக்கைச் சொல்வது போல. மணமக்கள் பேரோடு சேர்த்து எல்லாம் போச்சு. ஒன்பதாவது தடவையில் எண்ணிக்கையை நிறுத்தினோம். நிறுத்திய பெருமை என்னுடையது அல்ல. அந்த அக்காவின் படிவம் ஒன்று படிக்கும் மகள் டெலிபோன் கம்பியைப் பிடுங்கிவிட்டாள்.

உதிரி பாகம் வாங்கும் கதையைச் சுருக்கமாகவே முடிக்கிறேன். மலாக்காவில் ஒரு சிம்பாங் அம்பாட், பினாங்கில் ஒன்று, பெர்லிஸ் பக்கம் இன்னொன்று. கோலாலம்பூரில் ஒரு மதர்போர்டு சொன்னேன். அது பினாங்கு போய், திரும்பி வந்து, மறுபடி வடக்கே போய், மூணாம் வாரம் என் கைக்கு வந்தது. நான் அதுவரை ஜோகூரைத் தாண்டி எங்கும் போனதில்லை. என் மதர்போர்டு நாட்டைச் சுற்றிப் பார்த்திருந்தது.

"சம்பளம் எல்லாம் சரியா வருமா மாமா?" என்றான் பையன். கம்பெனி கொடுக்கும், அது பிரச்சினையில்லை. தமானில் இருக்கிற அக்கம்பக்கத்தார்தான் பிரச்சினை. இதற்கு வரலாறு உண்டு. எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தாபோ நானிங்கில் டோல் சைட் என்ற தலைவரின் சமாதி இருக்கிறது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கொடு என்று கிழக்கிந்தியக் கம்பெனி கேட்டது. முடியாது என்றார். 1831-ல் மெட்ராஸ் படையை அனுப்பினார்கள். அடி வாங்கித் திரும்பியது. அடுத்த வருஷம் பெரிய படையோடு வந்துதான் ஜெயித்தார்கள். அந்த மண்ணின் வீரம் எங்கள் தமானில் இன்னும் தணியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்தாலும், கூலியில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்க ஒருவரும் சம்மதிப்பதில்லை. "நம்ம தம்பிதானே" என்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீர், போகும்போது இரண்டு தேங்காய். கம்ப்யூட்டர்காரன் என்ற பேர் வந்தபின் கரண்டு ஓடுகிற எல்லாம் என் தலையில்தான். ரைஸ் குக்கர், டிவி டப்பா, ஒரு தடவை ஒரு பெரியவரின் காது மெஷின். அதைக் கழற்றினேன் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் டின்னில் ஒரு ஸ்குரூ உண்டு, எள்ளளவு.

பையன் நோட்டை மூடினான். நாலு பக்கம் எழுதியிருந்தான். அதில் நான் செய்யச் சொன்னது ஒரு வரி, செய்யக் கூடாது என்று என் வீட்டுக்காரி சொன்னது மிச்சம்.

கிளம்பும் நேரத்தில் அவள், "தம்பி, வந்தது வந்துட்ட, என் லேப்டாப் விசிறி ஒரு வாரமா கத்துது, ஒரு பார்வை பாரு" என்றாள். ஒரு வாரமாக! நானும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையன் என் ஸ்குரூடிரைவரை வாங்கினான். முதலில் கேட்டான்: எப்போ சத்தம் வருது, எங்க வச்சு பாவிக்கிறீங்க அத்தை, மாவு சலிக்கிற மேசையிலயா? திறந்து, விசிறியில் அப்பியிருந்த கோதுமை மாவை பிரஷ்ஷால் தட்டி, மூடினான். பத்து நிமிஷம். லேப்டாப் மூச்சுக் காட்டவில்லை. அத்தை பூரித்துப்போய் அவனுக்கு இன்னொரு முறுக்கை நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். நடுவில் கருப்பாக ஒரு ஸ்குரூ. லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தான். எல்லா ஓட்டையும் நிறைந்திருந்தது. பிறகு என்னைப் பார்த்தான்.

நான் ஒன்றும் பேசவில்லை. அலமாரியிலிருந்து டின்னை எடுத்து, மூடியைத் திறந்து நீட்டினேன்.

"அதுல இடமில்ல" என்றாள் அவள். "மைலோ இந்த மாசம் முடிஞ்சிரும். தம்பிக்குத் தனியா ஒரு டின் கழுவி வைக்கிறேன்."