இரண்டு இரவு விருந்தாளி

1986-ல் மதுரையில் எங்கள் வீட்டில் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு அம்மாள் தங்கினார். சொந்தமில்லை, சிநேகிதமில்லை. அப்பா செர்வாஸ் சங்கத்தில் உறுப்பினர், அவ்வளவுதான் உறவு.

இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மறுத்த பாப் லூயிட்வெய்லர் என்ற அமெரிக்கர், 1949-ல் டென்மார்க்கில் நண்பர்களோடு தொடங்கிய அமைப்பு அது. எஸ்பெராண்டோ மொழியில் செர்வாஸ் என்றால் ‘சேவை செய்கிறார்’. ஒருவன் வீட்டில் கை நனைத்தவனுக்கு அவன் ஊர்மேல் குண்டு போட மனம் வராது என்பது கணக்கு. பயணியிடம் நாலு கேள்வி கேட்டு, அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். இரண்டு இரவு தங்கலாம். காசு பேச்சே கூடாது. இரண்டு இரவு என்றால் வருகிற நாள், போகிற நாளோடு மூன்று நாள். விருந்தும் மருந்தும் கணக்கு டென்மார்க்கிலும் செல்லும் போலிருக்கிறது.

எதிர்வீட்டுக்காரர் திண்ணைக்கே வந்து விசாரித்தார்.

“வெள்ளக்காரம்மா எம்புட்டு ஸார் குடுக்கும்?”

“ஒண்ணும் குடுக்காது. குடுத்தாலும் வாங்கக் கூடாது.”

“பெறகு எதுக்கு ஸார்?”

அப்பா தமிழாசிரியர். பதில் சொல்லாமல் உள்ளே போய், குறளின் ஒன்பதாம் அதிகாரமான விருந்தோம்பலை அந்த அம்மாளுக்கு ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். பத்துக் குறளும் முடிவதற்குள் இட்லி ஆறிப்போனது. விருந்தோம்பல் பாடத்தில் விருந்தாளி பட்டினி கிடந்தது எங்கள் வீட்டில்தான்.

இப்போது எதிர்வீடு ‘ஹோம்ஸ்டே’. அறைக்கு வாடகை, காபிக்குத் தனி. வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு விவரம் தெரிவிக்கவேண்டும். வருகிறவர் தண்ணீருக்கு முன் வைஃபை கேட்கிறார். போகும்போது நட்சத்திரம் போடுகிறார். பயணிகளை அந்நியர் வீட்டில் தங்கவைக்க 2004-ல் இலவசமாகத் தொடங்கிய இணையதளமான கவுச்சர்ஃபிங்கும் 2020-ல் சந்தா கேட்க ஆரம்பித்துவிட்டது.

போன மாதம் மகனிடம் சொன்னேன்: “நாமும் செர்வாஸில் சேரலாமாடா?”

“காசு வாங்காம எதுக்குப்பா?”

எதிர்வீட்டுக்காரரின் கேள்விதான்; கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது.

செர்வாஸ் இன்றும் இருக்கிறது; தங்கவைக்கிறவர் காசு வாங்குவதில்லை. எங்கள் வீட்டில்தான் திண்ணை இல்லை. கார் நிறுத்த இடித்துவிட்டோம்.